எளியோர் கைக்கு எட்டிய தடுப்பூசி

(நெய்வேலியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர் முதல், 1945இல் பம்பாயில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அண்ணல் அம்பேத்கர் வரை, நம் முன்னோர் கல்விக்கு ஆற்றிய தொண்டினை இம்மேடையில் பலர் எடுத்துரைத்தனர். நாம் அப்பொருளையே வேறொரு வாயிலாகக் காண விழைகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஓர் எளிய உயிர், கல்வி பெற்ற கைகளில் சேர்ந்தபோது ஏழை நாடுகளின் குழந்தைகளை எவ்வாறு காத்தது என்பதே இன்றைய நம் பொருள். அவ்வுயிரின் பெயர் ஈஸ்ட். அது காத்துத் தந்தது, மஞ்சள் காமாலையின் கொடிய வகையாகிய ஹெபடைட்டிஸ் பி என்னும் நோயிலிருந்து.

இப்பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஈஸ்டில் உருவான முதல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. இந்தியா முழுவதிலும் உள்ள குழந்தைகளுக்கு அது அரசின் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2011ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை சரியாக 25 ஆண்டுகள். அறிவு பிறப்பதற்கும் அது ஏழையின் குடிசைக்கு வந்து சேர்வதற்கும் இடையே ஒரு வெள்ளி விழாக் காலம் கழிந்திருக்கிறது! அத்தாமதம் ஏன்? அதை முடித்து வைத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

ஏழையின் உடலே மருந்துச் சாலை

தடுப்பூசியின் வரலாற்றில் நம் மக்களுக்கு ஓர் இடம் உண்டு. பாடநூல்கள் அதனை அதிகம் பேசுவதில்லை. பெரியம்மைக்கான பசுவம்மைப் பால் 1802ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. அக்காலத்தில் குளிர்பதனப் பெட்டி ஏது? அம்மை குத்திய குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவர். இவ்வாறு கைக்குக் கையாகவே அம்மருந்து ஊர் ஊராகச் சென்றது. கொப்புளம் கிழிக்கப்படும் வேதனைக்கு எந்தப் பெற்றோர் தம் பிள்ளையை மனமுவந்து கொடுப்பர்? ஏழைகளும் தாழ்த்தப்பட்டோருமே பெரிதும் அதற்கு ஆளாயினர். அவ்வாறு எடுத்த நீரைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற மறுத்த உயர்சாதியினரும் இருந்தனர். நம் குழந்தையின் கை மருந்துச் சாலையாக இருக்கலாம். ஆனால் அம்மருந்திலும் தீட்டு ஒட்டியிருந்தது! பின்னர்க் கன்றுகளின் உடலில் அம்மைப் பாலை வளர்க்கும் முறை வந்தது. சென்னைக் கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம் அவ்வாறு அம்மைப் பால் தயாரிப்பதற்கென எழுந்ததே.

ஹெபடைட்டிஸ் பி நோயின் கதையும் ஒடுக்கப்பட்டோர் ஒருவரின் குருதியிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்க அறிவியலாளர் பாரூக் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டு 1965இல் வெளியிட்டார். அது இந்நோய் வைரசின் மேலுறைப் புரதம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1981இல் இந்நோய்க்கு முதல் தடுப்பூசி வந்தது. அது எதிலிருந்து செய்யப்பட்டது? நோய்க்கிருமியைத் தாங்கியிருந்த மனிதரின் இரத்தத்திலிருந்தே! அவர்தம் குருதியில் மிதக்கும் மேலுறைப் புரதத்தைப் பிரித்து, கிருமிகள் யாவும் அழியும்படி பல முறை பக்குவம் செய்து ஊசி மருந்தாக்கினர். ஒரு தொகுதி மருந்து ஆயத்தமாக ஓராண்டுக்கும் மேலாயிற்று. அவ்வேளையில்தான் எய்ட்ஸ் நோய் உலகை அச்சுறுத்தத் தொடங்கியது. அம்மருந்து பாதுகாப்பானதே எனினும், பிறர் இரத்தத்தில் செய்த மருந்து என்றால் மக்கள் அஞ்சினர். நோயாளிகளின் இரத்தம் உள்ள அளவே மருந்தும் கிடைக்கும். இந்நிலையில் உலகக் குழந்தைகள் அனைவர்க்கும் அதனை அளிப்பது எங்ஙனம்?

ஈஸ்ட் ஏற்ற தொழில்

இங்கேதான் ஈஸ்ட் வருகிறது. ஈஸ்ட் என்பது ஒரே செல்லாலான பூஞ்சை. இருநூறு ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். ரொட்டியை உப்ப வைப்பது இதுவே. நம் வீட்டு இட்லி மாவு புளிப்பதில் பாக்டீரியாவோடு ஈஸ்டும் பங்கு கொள்கிறது. பனங்கள்ளையும் சாராயத்தையும் உண்டாக்குவதும் இதுவே. அக்குடியால் கல்லீரல் கெட்டு மாண்ட குடும்பத் தலைவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கல்லீரலைக் கெடுக்கும் பானத்தைத் தரும் அதே உயிரினம், கல்லீரலைக் காக்கும் மருந்தையும் தருகிறது. வேறுபாடு உயிரினத்தில் இல்லை. அதனைக் கையாளும் அறிவில் இருக்கிறது.

அறிவியலாளர் செய்தது யாது? வைரசின் உடலில் அதன் மேலுறையைக் கட்டுவதற்கான கட்டளை அடங்கிய மரபணு ஒன்று உண்டு. அந்த ஒரு மரபணுவை மட்டும் பிரித்து ஈஸ்டின் உள்ளே சேர்த்தனர். ஈஸ்ட் அக்கட்டளையைத் தனதென்றே கொண்டு, வைரசின் மேலுறைப் புரதத்தை உண்டாக்கத் தொடங்கிற்று. அப்புரதங்கள் தாமே ஒன்றுகூடி, வைரஸ் போன்றே தோற்றமளிக்கும் நுண்துகள்களாயின. பார்வைக்கு வைரஸ், உள்ளே நோய் தரும் பொருள் ஏதும் இல்லை. பகைவனின் சட்டையை மட்டும் காவலர்க்குக் காட்டி, அவன் வந்தால் பிடியுங்கள் என்று சொல்வது போன்றதே இது. 1982இல் இச்செய்தியை உலகுக்கு அறிவித்த குழுவில் முதற்பெயராக இருந்தவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த பாப்லோ வலென்சுவேலா என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் கொள்க. அவருடன் வில்லியம் ரட்டர், பெஞ்சமின் ஹால் ஆகிய அமெரிக்கப் பேராசிரியர்களும் பணியாற்றினர்.

ஈஸ்ட் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பெருகும். எஃகுத் தொட்டியில் சர்க்கரையும் உப்புகளும் இட்டுக் காற்றைச் செலுத்தினால் போதும். சில நாட்களில் தொட்டி நிறையும். பின்னர்ச் செல்களை உடைத்து, வேண்டிய புரதத்தை மட்டும் தூய்மை செய்து எடுப்பர். இம்முறையில் எவருடைய கையையும் கிழிக்க வேண்டுவதில்லை. எவருடைய இரத்தத்தையும் எடுக்க வேண்டுவதில்லை. ஏழையின் உடல் மருந்துச் சாலையாக இருந்த காலம் அங்கே முடிந்தது எனலாம்.

ஈஸ்டுகளில் பிக்கியா பாஸ்டோரிஸ் என்று ஒரு வகை உண்டு. இதன் கதை சுவையானது. அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலிய நிறுவனம் 1970களில் இதனை மெத்தனால் என்னும் மலிவான எரிசாராயத்தில் வளர்த்து, கால்நடைத் தீவனமாக விற்கக் கருதியது. எண்ணெய் விலை ஏறியதால் அம்முயற்சி பயன் தரவில்லை. ஆயினும் மெத்தனாலைக் கண்டவுடன் இந்த ஈஸ்ட் ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஏராளமாக உண்டாக்கும் இயல்புடையது என்பது தெரிந்திருந்தது. அப்புரதத்தின் விசையோடு நமக்கு வேண்டிய மரபணுவை இணைத்தால், மெத்தனால் ஊற்றியதும் நமக்கு வேண்டிய புரதம் பெருகும் அன்றோ? மாட்டுத் தீவனமாகத் தோற்றுப்போன ஈஸ்ட், இவ்வாறு மருந்துத் தொழிற்சாலையாக உயர்ந்தது.

ஐதராபாத்தில் எழுந்த விடை

தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் அது யாருக்கு? 1990களில் இந்தியாவில் கிடைத்த இறக்குமதி ஊசி ஒன்றின் விலை ஏறத்தாழ 750 ரூபாய். ஒருவருக்கு மூன்று ஊசிகள் வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 11,250 ரூபாய். அன்றைய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இத்தொகையை நினைத்துப் பார்க்கவும் இயலுமா? உலகச் சுகாதாரப் பேரவை 1992ஆம் ஆண்டிலேயே எல்லா நாடுகளும் இதனைக் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும் என்று கூறிவிட்டது. கூறியது சரி, இந்தியாவில் விலை உடனே குறையவில்லை.

ஆந்திர மாநிலத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் வரபிரசாத் ரெட்டி. அவர் மருத்துவரும் அல்லர், உயிரியல் படித்தவரும் அல்லர், மின்னணுப் பொறியாளர். 1992இல் ஜெனீவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குச் சென்றபோது இந்நோயைப் பற்றியும் இத்தடுப்பூசியைப் பற்றியும் அறிந்தார். தொழில்நுட்பத்தை விலைக்குக் கேட்டபோது, இந்தியர்க்கு அதனை வாங்கும் வசதியும் இல்லை, வாங்கினாலும் புரிந்துகொள்ளும் திறனும் இல்லை என்ற பொருள்பட விடை கிடைத்ததாக அவரே பல மேடைகளில் கூறியிருக்கிறார்.

இச்சொல் நமக்குப் புதிதா? படிப்பு உங்களுக்கு ஏறாது என்று நம் பாட்டன்மார் கேட்ட அதே சொல் அன்றோ இது! பிறப்பை வைத்து அறிவை அளப்பவர் உள்ளூரிலும் உண்டு, ஜெனீவாவிலும் உண்டு.

அவர் திரும்பி வந்து, 1993இல் ஐதராபாத்தில் தம் அன்னையார் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அங்குள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இடம்பெற்று அவருடைய இளம் அறிவியலாளர்கள் உழைத்தனர். மேலே சொன்ன பிக்கியா ஈஸ்டையே அவர்கள் கையாண்டனர். 1997 ஆகஸ்டில் 'சான்வாக் பி' வெளிவந்தது. தொடக்க விலை ஊசிக்கு 50 ரூபாய் அளவே! முன்னர் ஓர் ஊசிக்குக் கொடுத்த தொகையில் இப்போது ஐவர் கொண்ட குடும்பம் முழுவதும் மூன்று ஊசிகளும் பெறலாம் என்றாயிற்று.

அடுத்துப் பாரத் பயோடெக் நிறுவனமும் ஈஸ்டில் செய்த தன் தடுப்பூசியோடு போட்டியில் இறங்கியது. அதன் நிறுவனர் கிருஷ்ணா எல்லா, தமிழ்நாட்டில் திருத்தணிப் பகுதி உழவர் குடும்பத்தில் பிறந்தவர். போட்டி வளர வளர விலை மேலும் வீழ்ந்தது. 2002இல் சாந்தாவின் ஊசிக்கு உலக நல நிறுவனத்தின் தகுதிச் சான்று கிடைத்தது. அதன்வழி ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வாங்கிப் பிற ஏழை நாடுகளுக்கு அனுப்பும் வாயில் திறந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 750 ரூபாய் ஊசியும் ஈஸ்டில் செய்ததே. 50 ரூபாய் ஊசியும் ஈஸ்டில் செய்ததே. ஆகவே ஈஸ்ட் ஒன்றே விலையைக் குறைத்துவிடவில்லை. அறிவு ஒரு சிலர் கையில் பூட்டப்பட்டிருந்தபோது விலை ஏறி நின்றது; அப்பூட்டைத் திறக்கக் கற்றவர் பலரானபோது இறங்கிற்று. விலை மலிந்த பின்னும் அரசு வாங்கிக் கொடுத்தால் அன்றி அது குடிசைக்கு வாராது. 2002–03இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனையாகவும், 2007–08இல் 10 மாநிலங்களிலும், 2011இல் நாடு முழுவதிலும் எனப் படிப்படியாகவே அது வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி தொடங்கப்பட்டது; ஹெபடைட்டிஸ் பி அவ்வைந்தில் ஒன்று.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 2008இல் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டு, 2010இலேயே மீண்டும் வழங்கப்பட்டது. 2009இல் சாந்தா நிறுவனமே பிரான்சு நாட்டு சனோஃபி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆகவே ஒரு முறை பெற்ற வெற்றி என்றும் நிலைக்கும் என்று இருந்துவிடுதல் தகாது. அறிவுடையோர் தலைமுறைதோறும் தோன்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

தொடரும் பணி

ஈஸ்டின் பணி அத்துடன் முடியவில்லை. கொரோனாக் காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் ஹோட்டஸ், மரியா எலேனா பொட்டாசி ஆகியோர் அதே பிக்கியா ஈஸ்டில் ஒரு தடுப்பூசியை உருவாக்கி, காப்புரிமை கோராமல் பிற நாடுகளுக்கு வழங்கினர். ஐதராபாத்தின் பயாலஜிகல் இ நிறுவனம் அதனைக் 'கோர்பிவேக்ஸ்' என்ற பெயரில் செய்தது. 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2022 மார்ச் 16 முதல் 12 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்டது அதுவே. இங்கே அமர்ந்துள்ள இளைஞர்களில் சிலர் கையில் ஏறியதும் அதுவாகவே இருக்கலாம். பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியும் ஈஸ்டில் உருவாவதே. புனே சீரம் நிறுவனம் செய்த 'செர்வாவேக்' என்னும் இந்திய ஊசிக்கு 2022 ஜூலையில் அனுமதி வழங்கப்பட்டது.

நெய்வேலி மக்களுக்கு இவ்வரலாறு வியப்பளிக்காது. இங்கே நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்துடன் நின்றது. தோண்டினால் சுரங்கமே மூழ்கும் என்ற ஐயம் எழுந்தது. நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்கும் முறையைக் கையாண்டு, 1957இல் தொடங்கிய சுரங்கப் பணியில் 1961இல் பழுப்பு நிலக்கரியைக் கண்டனர். முடியாது என்ற சொல்லுக்கு இம்மண்ணும் ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. அவ்விடையில் பொறியாளரின் அறிவும் உண்டு. நிலம் கொடுத்தோர் இழப்பும், மண் சுமந்தோர் வியர்வையும் உண்டு. சுமந்தோர் வீட்டுப் பிள்ளைகள் இனி அறிவின் பக்கத்திலும் நிற்றல் வேண்டும் என்பதே நம் சங்கத்தின் நோக்கம்.

நாம் செய்ய வேண்டுவன

கேட்டு மகிழ்ந்து கலைவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. உலகில் ஏறத்தாழ 25 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி கிருமியைத் தாங்கி வாழ்கின்றனர். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடி. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆண்டுகள் கடந்து கல்லீரல் சுருங்கியோ புற்று வந்தோ வெளிப்படும்.

முதலாவது, பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் இவ்வூசி போடப்பட வேண்டும். பிறப்பின்போது தாயிடமிருந்து இக்கிருமியைப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர்க்கு அது நீங்காமல் நிலைத்துவிடும். ஆகவே முதல் நாள் ஊசி மிக இன்றியமையாதது. அடுத்து 6, 10, 14ஆம் வாரங்களில் வரும் ஊசிகளையும் தவறவிடலாகாது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவை இலவசம்.

இரண்டாவது, மருத்துவமனைகளில் துப்புரவு செய்வோர் யார், ஊசியும் பஞ்சும் கிடக்கும் கழிவை அள்ளுவோர் யார் என்பதை நாம் அறிவோம். அவருள் பலர் நம் உடன்பிறந்தோரே. ஒரே ஒரு குத்திய ஊசி போதும், இந்நோய் தொற்றுவதற்கு. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அக்கழிவைக் கையாளும் அனைவர்க்கும் ஹெபடைட்டிஸ் பி, ரணஜன்னி ஆகிய நோய்களுக்கான தடுப்பூசியை அளிப்பது மருத்துவமனை நடத்துவோரின் கடமை. இது கருணையன்று; சட்டம். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்பது முறை. நம் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்றும் போடப்பட்டனவா, பதிவு உண்டா என்று கேட்டுக் குறித்தல் வேண்டும். இல்லையெனில் எழுத்து மூலம் மனுக் கொடுக்க உதவுதல் வேண்டும். மனு எழுதத் தெரிந்த கைகளை உண்டாக்கவே அன்றோ இச்சங்கம் தோன்றியது!

மூன்றாவது, கீழாநெல்லியைப் பற்றி ஒரு சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் அவர்களும் புளும்பெர்க்கும் பிறரும் இம்மூலிகை இக்கிருமியின் மேல் பயனளிப்பதாக 1988இல் எழுதினர். பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. நம் மூலிகை என்னும் பற்றினால் ஊசியைத் தவிர்த்தல் கூடாது.

நான்காவது, இந்நோயுள்ளவரோடு உண்பதாலும், கை கொடுப்பதாலும், அருகில் அமர்வதாலும் நோய் ஒட்டாது. தீண்டாமையின் கொடுமையை அறிந்த நாம், நோயின் பெயரால் ஒருவரையும் தள்ளி வைத்தல் தகாது.

இறுதியாக, மாணவச் செல்வங்களே! உயிரியலும் வேதியியலும் மதிப்பெண்ணுக்கான பாடங்கள் மட்டும் அல்ல. நம் குழந்தைகளின் கைகள் ஒரு காலத்தில் தடுப்பூசியைச் சுமந்தன. இன்று நம் பெரியோரின் கைகள் அதன் கழிவைச் சுமக்கின்றன. நாளை உங்கள் கைகள் தடுப்பூசியை உருவாக்க வேண்டும். அண்மையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலூரிலும் சென்னையிலும் மதுரையிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அவற்றின் வாயிலில் விண்ணப்பத்தோடு நிற்க நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதே அடுத்த 25 ஆண்டுகளுக்கு இச்சங்கத்தின் பணியாகுக!